பாலம் தந்த பெருந்தகை சுலோசன முதலியார்



ஆறு ஊரை வாழ வைக்கும். அதே ஆறு ஊரை இரண்டாகப் பிரித்தும் வைக்கும். நம் ஜொகூர் மாநிலத்து மூவார் ஆற்றில் 1967ஆம் ஆண்டு சுல்தான் இஸ்மாயில் பாலம் திறக்கப்படும் வரை, அக்கரை செல்வோர் படகுத்துறையில் காத்து நின்றனர். அத்தகைய பெரும் பாலங்களை அரசாங்கமே பொதுப் பணத்தால் கட்டுவது உலக வழக்கம். ஆனால், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்னர், தமிழகத்தில் ஓர் அரசாங்க ஊழியர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஒரு பேராற்றின் குறுக்கே பாலம் அமைத்தார். அவரே திருநெல்வேலி சுலோசன முதலியார் ஆவார்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவது. அதன் மேற்கே திருநெல்வேலியும் கிழக்கே பாளையங்கோட்டையும் இரட்டை நகரங்களாக விளங்குகின்றன. நெல்லையப்பர் திருக்கோயிலும் கடைவீதிகளும் ஒரு புறம். கோட்டையும் படையினர் குடியிருப்பும் மறு புறம். இரு நகரங்களுக்கும் இடையே ஆற்றைக் கடக்க அக்காலத்தில் படகையே நம்பியிருந்தனர். வெள்ளம் பெருகினால் படகு ஓடாது. வண்டிகளும் மூட்டைகளும் கரையிலேயே கிடக்கும். படகில் இடம் பிடிப்பதில் சச்சரவுகளும் எழுந்தன என்று கூறுவர்.

அந்நாளில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் தாம்சன் என்னும் ஆங்கிலேயர். அவருடைய அலுவலகத்தில் சிரஸ்தார் பதவி வகித்தவர் சுலோசன முதலியார். ஆட்சித் தலைவருக்குக் கீழே இந்தியர் ஒருவர் பெறக்கூடிய உயர்ந்த பதவிகளுள் அது ஒன்று. ஆற்றின் குறுக்கே பாலம் வேண்டும் என்ற முடிவு 1840ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்டது. கேப்டன் பேபர் என்னும் பொறியாளர் வரைபடம் வகுத்தார். செலவு ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய். இன்று அது சிறு தொகையாகத் தோன்றலாம். அக்காலத்திலோ மலைக்கத்தக்க பெருஞ்செல்வம்.

அப்பணத்தை மக்களிடம் நன்கொடையாகத் திரட்டலாம் என்பதே முதலில் எண்ணப்பட்ட வழி. சிரஸ்தார் என்ற முறையில் அப்பொறுப்பு முதலியாரைச் சாரும். அவர் நினைத்திருந்தால் ஊர் ஊராக ஆளனுப்பிப் பணம் கேட்டிருக்கலாம். அதிகாரி கேட்கும்போது, இல்லாதவனும் கடன் வாங்கியாவது கொடுக்கத்தானே வேண்டும்? ஏழை மக்களை வருத்திப் பெறும் பணத்தில் பாலம் எழ அவர் மனம் ஒப்பவில்லை. முழுச் செலவையும் தாமே ஏற்பதாக முடிவு செய்தார். அவருடைய துணைவியார் தம் அணிகலன்களையும் மனமுவந்து எடுத்துக் கொடுத்தார் என்பது நெல்லைச் சீமையில் வழிவழியாக வழங்கும் செய்தி. முதலியார் வறியவர் அல்லர், வசதி படைத்தவரே. ஆயினும், வசதி படைத்தோர் பலர் வாழ்ந்த ஊரில் கைப்பொருளைத் திறந்தவர் அவர் ஒருவரே என்பதை நாம் மறத்தலாகாது.

ஹார்ஸ்லி என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் கட்டுமான வேலை நடைபெற்றது. 60 அடி அகலமுள்ள 11 வளைவுகள். மொத்த நீளம் 760 அடி. இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் மீது 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தின் சாயலில் இது அமைக்கப்பட்டது என்பர்.

வளைவு எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. நம் தோட்டத்து ஓடையின் மேல் போடப்படும் மரப்பலகை, பாரம் ஏறினால் நடுவில் வளையும், மிகுந்தால் ஒடியும். வளைவு கட்டுவோர் முதலில் மரத்தால் சாரம் அமைப்பர். அதன்மேல் இரு புறமிருந்தும் ஆப்பு வடிவக் கற்களை அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் முடிகல்லை இறுக்குவர். பின்னர் சாரத்தை அகற்றுவர். மேலே பாரம் ஏற ஏற, கற்கள் ஒன்றையொன்று நெருக்கி இறுகும். அப்பாரம் இரு பக்கத்துத் தூண்களின் வழியே ஆற்றின் அடித்தளத்தில் இறங்கும். இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் தோன்றாத அக்காலத்தில், பேராறுகளைக் கடக்க மனிதன் கண்ட சிறந்த உபாயம் இதுவே.

1843ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாலம் திறக்கப்பட்டது. அன்று மேளதாளம் முழங்க, முதலியாரே முதலில் நடந்து பாலத்தைக் கடந்தார் என்றும், அதிகாரிகள் அவரைப் பின்தொடர்ந்தனர் என்றும் சொல்லுவர். ஆள்வோர் முன்னே செல்ல, ஆளப்படுவோர் பின்னே சென்ற அக்காலத்தில் இஃது அரிய சிறப்பாகும்.

பாலத்திற்குச் சோதனையும் வந்தது. 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி சிதைந்தது. 1871இல் அது செப்பனிடப்பட்டது. பிற்காலத்தில் போக்குவரத்துப் பெருகவே, பாலம் அகலப்படுத்தப்பட்டது. அண்மையில் அதனருகே மற்றொரு பாலமும் எழுந்துள்ளது. 1992ஆம் ஆண்டிலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரிலும் தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் புகுந்தபோதும் பழைய பாலம் நிலைகுலையாது நின்றது. அதற்கு முன்மாதிரி எனப்படும் பழைய வாட்டர்லூ பாலமோ 1930களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது!

சுலோசன முதலியார் நாடாண்ட மன்னர் அல்லர். போர் வென்ற தளபதியும் அல்லர். எனினும், அவர் பெயரைச் சொல்லாமல் நெல்லை மக்களால் அப்பாலத்தைக் குறிப்பிட இயலாது. நாள்தோறும் மாணவரும் உழவரும் வணிகரும் நோயாளரும் அதன்மேல் கடந்து செல்கின்றனர். கொடுத்தவர் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. கொடை இன்றும் பாரம் சுமக்கிறது.

மாணவர்களே! நீங்கள் வளர்ந்து பதவி பெறுவீர்கள், பொருளும் ஈட்டுவீர்கள். அப்போது, எளியவரிடம் கேட்டு வாங்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கும். அந்த வேளையில் முதலில் தம் பையில் கைவைத்த இப்பெரியாரை நினைவு கூர்வீர்களாக!