மூவாரை வரைந்த மலாக்கா மைந்தர்

இன்று கைப்பேசியைத் தொட்டால் ஜொகூரின் ஆறுகளும் ஊர்களும் நம் கண்முன் விரிகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆறு எங்கே வளைகிறது என்பதை அறியவே படகேறிச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு சென்று கண்டதை வரைபடமாக்கியவர் மானுவேல் கொடின்யோ டி எரேடியா.

எரேடியா 1563ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். அப்போது மலாக்கா போர்த்துகீசியரின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தை ஐரோப்பியர். தாயார் சுலாவெசித் தீவைச் சேர்ந்த பூகிஸ் குலப்பெண். எரேடியா இளம்வயதிலேயே இந்தியாவின் கோவாவுக்குச் சென்று கல்வி கற்றார். அங்குச் சமயத் துறவியர் சபையில் சேர்ந்தார். எனினும், நிலங்களை ஆராய்வதிலும் வரைவதிலுமே அவர் மனம் ஈடுபட்டது. எனவே, சபையை விட்டு விலகினார்.

1600ஆம் ஆண்டு, தெற்கே உள்ள புதிய நிலங்களைக் கண்டறியும் பொறுப்புடன் அவர் மலாக்கா திரும்பினார். ஆனால், போர்ச்சூழல் அவரைக் கடல் கடக்க விடவில்லை. அதனால், அருகிலிருந்த ஆறுகளையும் காடுகளையும் ஆராய்ந்தார். 1604ஆம் ஆண்டு மூவாரில் ஒரு கோட்டையை நிறுவினார். மூவார் ஆற்றிலிருந்து படகுகளைச் சிறிது தூரம் தரைவழியே இழுத்துச் சென்றால், பகாங் ஆற்றை அடையலாம். வணிகர்கள் பயன்படுத்திய அந்த வழியும் அவருடைய வரைபடத்தில் இடம்பெற்றது.

அக்காலத்தில் வரைபடம் வரைவது எளிதன்று. கதிரவனையும் விண்மீன்களையும் பார்த்து அட்சரேகையைக் கணிக்க முடிந்தது. கடற்பயணத்தில் தீர்க்கரேகையைச் சரியாகக் கணிக்கும் கடிகாரமோ 18ஆம் நூற்றாண்டில்தான் உருவானது. ஆகவே, தொலைவிலுள்ள நிலங்களை வரைய, பிறர் கூறிய செய்திகளையும் நம்ப வேண்டியிருந்தது. தெற்கே பொன் விளையும் தீவு ஒன்று உண்டு எனக் கேள்விப்பட்ட எரேடியா, தாம் ஒருபோதும் கால்பதிக்காத அத்தீவையும் வரைந்தார். அது எந்த இடம் என்பது குறித்து ஆய்வாளர்கள் பின்னாளில் வாதிட்டனர்.

உடல்நலம் குன்றியதால் எரேடியா மீண்டும் கோவா சென்றார். 1613ஆம் ஆண்டு, மலாக்காவின் ஆறுகள், மரஞ்செடிகள், மக்கள் ஆகியவற்றை விளக்கும் நூலை வரைபடங்களுடன் எழுதி முடித்தார். 1623ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அந்நூலின் கையெழுத்துப்படி இன்றும் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரிலுள்ள ஒரு நூலகத்தில் உள்ளது.

நேரில் கண்ட மூவார் ஆறும், செவிவழி கேட்ட பொன் தீவும் எரேடியாவின் வரைபடங்களில் இடம்பெற்றுள்ளன. வரைபடத்தைப் படிப்பவர், அதிலுள்ள செய்தி எவ்வாறு கிடைத்தது என்றும் ஆராய வேண்டும் என்பதையே அவை இன்றைய மாணவர்களுக்கு உணர்த்துகின்றன.