ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில்

ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில் (ஆகஸ்ட் 6, 1828 – டிசம்பர் 12, 1917) ஓர் அமெரிக்க மருத்துவர். எலும்பு, தசை ஆகியவற்றின் அமைப்பைக் கைகளால் சீர்செய்து நோய் நீக்கும் ஆஸ்டியோபதி மருத்துவ முறையைத் தோற்றுவித்தவர். மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் உலகின் முதல் ஆஸ்டியோபதி கல்லூரியை நிறுவினார்.

பிறப்பும் இளமையும்

வெர்ஜீனியா மாநிலத்தின் லீ மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஏப்ரம் ஸ்டில் மெதடிஸ்ட் போதகர், மருத்துவரும் ஆவார். அவருடைய சமயப் பணியின் பொருட்டுக் குடும்பம் டென்னசி, மிசூரி, கேன்சஸ் என இடம்பெயர்ந்தது. ஸ்டில் தந்தையிடமே மருத்துவம் பயின்றார். அடிமை முறையை எதிர்த்த இவர் 1857 இல் கேன்சஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் தரப்பில் பணியாற்றினார்.

ஆஸ்டியோபதி

1864 இல் மூளை உறை அழற்சியால் இவர் வீட்டுக் குழந்தைகள் மூவர் இறந்தனர். மருத்துவராக இருந்தும் காப்பாற்ற இயலாமற் போனது இவரை அன்றைய மருந்துகளின் மீது முற்றாக நம்பிக்கை இழக்கச் செய்தது. அக்காலத்தில் பாதரசக் கலவைகள் தாராளமாகக் கொடுக்கப்பட்டதை நோக்க, இந்த அவநம்பிக்கை நியாயமானதே. ஆயினும், எலும்பு இடம் பிசகுவதால் குருதியோட்டம் தடைப்பட்டு நோய்கள் தோன்றுகின்றன என்ற இவரது கொள்கையைப் பிற்கால அறிவியல் உறுதி செய்யவில்லை.

இவர் 1874 இல் தம் கொள்கையை வெளியிட்டார். பேக்கர் பல்கலைக்கழகம் அதை விளக்க இடம் தர மறுத்தது. அப்பல்கலைக்கழகம் உருவாக நிலம் அளித்து உதவியவர்களுள் ஸ்டில் குடும்பத்தினரும் அடங்குவர். 1875 இல் கிர்க்ஸ்வில்லில் குடியேறினார்.

கல்லூரியும் மாநில எல்லைகளும்

1892 இல் அமெரிக்க ஆஸ்டியோபதி கல்லூரி இரண்டு அறைகள் கொண்ட சிறு கட்டிடத்தில் தொடங்கியது. முதல் வகுப்பில் சுமார் 20 பேர் சேர்ந்தனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். எடின்பரோவில் பயின்ற வில்லியம் ஸ்மித் உடற்கூற்றியல் கற்பித்தார். எம். டி. பட்டம் வழங்கச் சாசனம் இடமளித்தும், ஸ்டில் டி. ஓ. என்னும் தனிப் பட்டத்தையே வழங்கினார்.

இந்தத் தனிப் பட்டத்தின் விலையை மாணவர்களே செலுத்த நேர்ந்தது. மருத்துவ உரிமம் வழங்குவது அமெரிக்காவில் மாநிலங்களின் அதிகாரம். வெளிமாநிலங்களிலிருந்து வந்து படித்தவர்கள் ஊர் திரும்பியபோது, உரிமமின்றி மருத்துவம் செய்ததாகப் பலர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1896 இல் வெர்மான்ட் முதலில் ஏற்பளித்தது. ஸ்டிலின் சொந்த மிசூரியிலோ, 1895 இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார்; 1897 இல் தான் அது சட்டமானது. முழு மருத்துவ உரிமை வழங்கிய கடைசி மாநிலம் மிசிசிப்பி (1973). அப்போது ஸ்டில் மறைந்து 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்றைய நிலை

ஸ்டில் ஒதுக்கிய மருந்தியல் பின்னர் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. இன்று அமெரிக்காவில் டி. ஓ. பட்டதாரிகள் எம். டி. மருத்துவர்களுக்கு நிகரான உரிமை பெற்றவர்கள். வேறு பல நாடுகளில் ஆஸ்டியோபதி பயின்றோர் மருத்துவர்களாகக் கருதப்படுவதில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மாநில எல்லை இப்போது உரிமத்தைவிடச் சேர்க்கையிலேயே மிகுதியாகக் குறுக்கிடுகிறது. 1969 இல் மிச்சிகனில் தொடங்கி, சில மாநிலங்கள் அரசு ஆஸ்டியோபதி கல்லூரிகளை ஏற்படுத்தின. மாநில வரிப்பணம் பெறும் இவை உள்மாநிலத்தவருக்கு முன்னுரிமை தருகின்றன. டெக்சாஸ் மாநிலக் கல்லூரியில் வெளிமாநிலத்தவருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடமே உண்டு. விண்ணப்ப முறையும் தனி. ஸ்டில் தொடங்கிய கிர்க்ஸ்வில் கல்லூரி தனியார் நிறுவனமாதலால் அத்தகைய மாநில ஒதுக்கீடு அதற்கு இல்லை. அது இப்போது ஏ. டி. ஸ்டில் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்.