பி. டி. ராஜன்

சர் பொன்னம்பல தியாகராஜன் (ஏப்ரல் 22, 1892 - செப்டம்பர் 25, 1974) சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பணியாற்றிய அரசியல்வாதியும் வழக்கறிஞரும் ஆவார். பி. டி. ராஜன் என்றும், தமிழவேள் பி. டி. இராசன் என்றும் பரவலாக அறியப்படுகிறார். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள உத்தமபாளையத்தில் பிறந்த இவர் நீதிக்கட்சியின் கடைசித் தலைவராக விளங்கினார். விடுதலை பெற்ற இந்தியாவில் 1951-52 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலின்போது, சென்னை மாநில சட்டமன்றத்துக்கு நீதிக்கட்சியின் சார்பில் வெற்றி பெற்ற ஒரே வேட்பாளர் இவரே. ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் வாக்குரிமை இருந்த காலத்திலும், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட காலத்திலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது இவரது அரசியல் வாழ்வின் சிறப்பாகும்.

பிறப்பும் கல்வியும்

ராஜன் உத்தமபாளையத்தில் நிலவுடைமை மிக்க முதலியார் குடும்பமொன்றில் பிறந்தார். அக்காலத்தில் உத்தமபாளையம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள லேய்ஸ் பள்ளியிலும், பின்னர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் இயேசு கல்லூரியிலும் பயின்றார். வரலாற்றில் பட்டம் பெற்று, சட்டமும் படித்து பாரிஸ்டர் ஆகித் தாயகம் திரும்பினார்.

இவர் பிறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1895 ஆம் ஆண்டில், முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கு நோக்கிப் பாய்ந்த ஆற்று நீர் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டதால், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களின் வேளாண்மை பெருகியது. பள்ளத்தாக்கில் தமிழ் பெரும்பான்மை மொழியாக இருப்பினும், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்களும் பல தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். மலையைக் கடந்தால் மலையாளம் பேசும் நாடு. பல மொழிகள் ஒன்று கலந்த இச்சூழல், இவர் பின்னாளில் பணியாற்றிய சென்னை மாகாணத்தின் சிறு வடிவமாக இருந்தது எனலாம்.

நீதிக்கட்சியில்

தென்னிந்திய நல உரிமைச் சங்கம் 1916 ஆம் ஆண்டில் தியாகராய செட்டியார், டி. எம். நாயர், சி. நடேச முதலியார் ஆகியோரால் தொடங்கப்பட்டது. இச்சங்கம் ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ், தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திர பிரகாசிகா என மூன்று நாளிதழ்களை நடத்தியது. ஆங்கில இதழின் பெயரே மக்கள் வழக்கில் கட்சியின் பெயராகி, தமிழில் நீதிக்கட்சி என வழங்கலாயிற்று. மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஒரியா ஆகிய மொழிகள் பேசப்பட்டமையால், எந்தக் கட்சியும் ஒரு மொழியை மட்டும் கொண்டு தேர்தலைச் சந்திக்க இயலாத நிலை இருந்தது.

மொண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களின்படி முதல் தேர்தல் 1920 ஆம் ஆண்டில் நடைபெற்றது. சொத்து, வரி ஆகியவற்றின் அடிப்படையில் வாக்குரிமை அளிக்கப்பட்டதால், சுமார் நான்கு கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12 லட்சம் பேர் அளவிலேயே வாக்காளர்களாக இருந்தனர். ஒத்துழையாமை இயக்கத்தின் காரணமாகக் காங்கிரசு இத்தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி கைப்பற்றி ஆட்சி அமைத்தது. ராஜன் இத்தேர்தலில் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1937 ஆம் ஆண்டு வரை உறுப்பினராக நீடித்தார்.

கட்சியின் முதல் அமைச்சரவையிலேயே மொழி சார்ந்த பூசல் எழுந்தது. அமைச்சர்கள் மூவரும் தெலுங்கு பேசுவோராக இருப்பதாகத் தமிழ் உறுப்பினர்கள் குறை கூறினர். இதனையடுத்து, 1923 ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின்னர் அமைந்த அமைச்சரவையில் கே. வி. ரெட்டி நாயுடுவுக்குப் பதிலாக டி. என். சிவஞானம் பிள்ளை இடம்பெற்றார். பிற்காலத்தில் ராஜன் அமைச்சரான காலத்திலும் தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் தெலுங்குப் பகுதித் தலைவர்களிடமே இருந்தது.

அமைச்சர் பணி

1930 ஆம் ஆண்டு அக்டோபரில் பி. முனுசாமி நாயுடு தலைமையில் அமைந்த அமைச்சரவையில் ராஜன் வளர்ச்சித் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார். எஸ். குமாரசாமி ரெட்டியார் மற்றொரு அமைச்சராக இருந்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் விளைபொருட்களின் விலை சரிந்திருந்த கடினமான காலம் அது. கட்சிக்குள் ஜமீன்தார்களின் எதிர்ப்பு வலுத்ததால் முனுசாமி நாயுடு 1932 ஆம் ஆண்டு நவம்பரில் பதவி விலகினார். அடுத்து பொப்பிலி அரசர் முதலமைச்சரானார். அவரது அமைச்சரவையிலும் ராஜன் தொடர்ந்து இடம்பெற்றார்.

முதலமைச்சர்

பொப்பிலி அரசர் விடுப்பில் ஐரோப்பா சென்றிருந்தபோது, 1936 ஏப்ரல் 4 முதல் ஆகஸ்ட் 24 வரை ராஜன் முதலமைச்சராகப் பணியாற்றினார். இவர் பொறுப்பேற்பதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர், அதாவது ஏப்ரல் 1 ஆம் நாள், ஒரிசா தனி மாகாணமாக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த ஒரியா பேசும் பகுதிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. மொழி அடிப்படையில் சென்னை மாகாணம் இழந்த முதல் பகுதி இதுவாகும். பதவிக்காலம் ஐந்து மாதங்களுக்கும் குறைவாக இருந்ததால், இவருடைய தலைமையில் பெரிய கொள்கை மாற்றங்கள் ஏற்பட வாய்ப்பு அமையவில்லை.

1937 ஆம் ஆண்டுத் தோல்வி

1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைபெற்ற தேர்தலில் காங்கிரசு நேரடியாகப் போட்டியிட்டு 215 இடங்களில் 159 இடங்களை வென்றது. வாக்காளர் எண்ணிக்கை முன்பைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தது. நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களில் பலர் தோல்வியடைந்தனர். பொப்பிலி அரசர் வி. வி. கிரியிடம் தோற்றார், ராஜனும் தோல்வியுற்றார். ஜமீன்தார்களும் நிலவுடைமையாளர்களும் நடத்திய கட்சி, புதிதாக வாக்குரிமை பெற்ற எளிய மக்களைச் சென்றடையத் தவறியதே இத்தோல்விக்கு முக்கியக் காரணமாக வரலாற்றாளர்களால் கூறப்படுகிறது.

புதிதாக அமைந்த இராஜாஜி அரசு 1938 ஆம் ஆண்டில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. இதற்கு எதிராக எழுந்த போராட்டம் தளர்ந்திருந்த நீதிக்கட்சிக்குப் புத்துயிர் அளித்தது. அப்போராட்டத்தில் சிறை சென்ற ஈ. வெ. ராமசாமி, சிறையில் இருந்தபோதே அவ்வாண்டு டிசம்பரில் கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சேலம் மாநாடும் பிளவும்

1944 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் நடைபெற்ற மாநாட்டில் நீதிக்கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என மாற்றப்பட்டது. பிரித்தானிய அரசு வழங்கிய பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற தீர்மானத்தை சி. என். அண்ணாதுரை கொண்டுவந்தார். தேர்தல் அரசியலிலிருந்து விலகி நிற்பது கழகத்தின் போக்காயிற்று. தேர்தல் வழியே ஆட்சியில் பங்கேற்பதே கட்சியின் நோக்கம் எனக் கருதிய ஒரு பிரிவினர் இம்மாற்றங்களை ஏற்கவில்லை. சர் பட்டம் பெற்றிருந்த ராஜன் இப்பிரிவினரைச் சேர்ந்தவர். கோயில் திருப்பணிகளில் ஈடுபாடு கொண்ட இவருக்கும், கடவுள் மறுப்பைப் பரப்பிய கழகத்துக்கும் இடையே சமயம் தொடர்பாகவும் பெரும் இடைவெளி இருந்தது.

பிரிந்தவர்கள் பழைய பெயரிலேயே நீதிக்கட்சியை நடத்தினர். முதலில் பி. ராமச்சந்திர ரெட்டியும், பின்னர் ராஜனும் இதற்குத் தலைமை தாங்கினர்.

முதல் பொதுத் தேர்தல்

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை இந்தியா முழுவதும் மக்களவைக்கும் மாநில சட்டமன்றங்களுக்கும் ஒருசேரத் தேர்தல் நடைபெற்றது. சுமார் 17 கோடி வாக்காளர்களில் பெரும்பாலோர் எழுத்தறிவற்றவர்கள். அவர்கள் பேசிய மொழிகளோ பல. எனவே தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து அதன் மீது சின்னத்தை ஒட்டும் முறையைக் கையாண்டார். வாக்காளர் தமக்கு விருப்பமானவரின் பெட்டியில் வாக்குச்சீட்டைப் போட்டால் போதும். சீட்டில் எதையும் எழுதவோ குறிக்கவோ தேவையில்லை.

அப்போதைய சென்னை மாநிலத்தில் தமிழ்நாட்டுப் பகுதிகளுடன் கடலோர ஆந்திரா, இராயலசீமை, மலபார், தென் கன்னடம் ஆகியவையும் அடங்கியிருந்தன. மாநிலத்துக்கு மக்களவையில் 75 இடங்களும் சட்டமன்றத்தில் 375 இடங்களும் இருந்தன. திராவிடர் கழகம் தேர்தலில் போட்டியிடவில்லை. 1949 ஆம் ஆண்டில் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகமும் நேரடியாகப் போட்டியிடாமல் வேறு சில வேட்பாளர்களை ஆதரித்தது. நீதிக்கட்சி என்ற பெயரை வாக்குப்பெட்டி வரை கொண்டு சென்றது ராஜனின் அணி மட்டுமே.

இக்கட்சி சட்டமன்றத்துக்கு ஒன்பது இடங்களில் போட்டியிட்டது. ராஜன் கம்பம் தொகுதியில் நின்று வெற்றி பெற்றார். மற்ற எட்டுப் பேரும் தோற்றனர். மக்களவைக்குச் சென்னைத் தொகுதியில் போட்டியிட்ட எம். பாலசுப்பிரமணிய முதலியார் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று, காங்கிரசின் டி. டி. கிருஷ்ணமாச்சாரிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு விரிந்த வாக்குரிமையின் முன் தோற்றவர், அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோது சொந்த மண்ணில் வென்றார். பிற இடங்களில் கட்சிக்கு ஏற்பட்ட தோல்வியைக் கொண்டு பார்க்கும்போது, கம்பத்தில் கிடைத்த வெற்றி கட்சிக்கு உரியது என்பதைவிட ராஜனின் தனிப்பட்ட செல்வாக்குக்கு உரியது எனக் கொள்ளலாம்.

நாடு முழுவதும் மக்களவையின் 489 இடங்களில் 364 இடங்களை வென்ற காங்கிரசால், சென்னை மாநில சட்டமன்றத்தில் 152 இடங்களையே பெற முடிந்தது. தனிப்பெரும்பான்மை இல்லாத நிலையில் இராஜாஜி 1952 ஏப்ரலில் முதலமைச்சரானார்.

மொழிவழி மாநிலங்கள்

ராஜன் உறுப்பினராக இருந்த 1952-57 காலத்துச் சட்டமன்றம், மொழியின் அடிப்படையில் மாநிலம் பிரிந்ததை நேரில் கண்ட அவையாகும். தனி ஆந்திரா கோரி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானது. பெல்லாரிப் பகுதி மைசூருடன் சேர்ந்தது. இதனால் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கை 375 இலிருந்து 230 ஆகக் குறைந்தது. 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் தென் கன்னடமும் பிரிந்தபோது அது 190 ஆயிற்று. மும்மொழி நாளிதழ்களுடன் பல மொழியினரையும் ஒன்று திரட்டிய நீதிக்கட்சியின் பழைய களம் இத்துடன் மறைந்தது.

இப்பிரிவினை கம்பம் பள்ளத்தாக்கை நேரடியாகப் பாதித்தது. மேற்கு மலைகளில் அமைந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பெருமளவில் வாழ்ந்தனர். அவற்றைத் தமிழ்நாட்டுடன் இணைக்கக் கோரி திருவிதாங்கூர் தமிழர்கள் போராடினர். மாநில மறுசீரமைப்பு ஆணையம் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய வட்டங்களை மட்டுமே சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குச் சென்றன. முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு வட்டத்தில் இருப்பதால், பள்ளத்தாக்கின் பாசனத்துக்கு மூலமான அணை வேறொரு மாநிலத்தின் எல்லைக்குள் அமைந்தது. அணை தொடர்பாக இரு மாநிலங்களுக்கும் இடையே பின்னர் நீண்ட வழக்குகள் நடைபெற்றன.

சமயப் பணிகள்

சபரிமலை ஐயப்பன் கோயில் 1950 ஆம் ஆண்டில் தீக்கிரையானது. கோயில் புதுப்பிக்கப்பட்டபோது அங்கு நிறுவுவதற்கான ஐம்பொன் சிலையை ராஜன் வழங்கினார். செங்கன்னூரைச் சேர்ந்த சிற்பிகள் வடித்த அச்சிலை தமிழகத்தின் பல ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டு, 1951 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தமிழகத்தில் ஐயப்ப வழிபாடு பரவியதில் இவ்வூர்வலத்துக்கும் பங்குண்டு. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் திருப்பணிக் குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார். 1963 ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது.

இறுதிக் காலம்

1952 ஆம் ஆண்டுக்குப் பின் நீதிக்கட்சி தேர்தல்களில் போட்டியிடவில்லை. நீதிக்கட்சியின் வழிவந்ததாகத் தன்னைக் கருதிய திராவிட முன்னேற்றக் கழகம் 1967 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டில் நீதிக்கட்சியின் பொன்விழா சென்னையில் கொண்டாடப்பட்டது. கட்சியின் தொடக்க காலத்தையும் அதன் அரசியல் வாரிசுகளின் வெற்றியையும் காணும் வாய்ப்பைப் பெற்ற மிகச் சிலருள் ராஜனும் ஒருவர். இவர் 1974 செப்டம்பர் 25 அன்று தமது 82 ஆம் வயதில் காலமானார்.

குடும்பமும் நினைவும்

இவரது மகன் பி. டி. ஆர். பழனிவேல் ராஜன் திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்தவர். 1996 முதல் 2001 வரை தமிழக சட்டமன்றத் தலைவராகவும், 2006 ஆம் ஆண்டில் சிறிது காலம் அமைச்சராகவும் இருந்தார். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் நிதி அமைச்சரானார்.

சென்னை கலைஞர் கருணாநிதி நகரிலும் மதுரையிலும் உள்ள சாலைகள் பி. டி. ராஜன் பெயரைத் தாங்கியுள்ளன. கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டு செல்லும் கால்வாய்களுள் ஒன்று பி. டி. ஆர். கால்வாய் என வழங்கப்படுகிறது.