வேதாளரை எழுதிய லீ ஃபால்க்: ஒரு தீவக வாசகனின் பார்வையில்

1934ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில், பத்திரிகைகளுக்குச் சித்திரத் தொடர்களை விற்கும் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்துக்கு இளைஞர் ஒருவர் போனார். உலகம் சுற்றி வந்தவன், தூர தேசத்து மந்திரவாதிகளிடம் பழகியவன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். உண்மையில் அவர் மிசூரி, இலினோய் மாநிலங்களைத் தாண்டி அதிகம் போனதில்லை. கதை விற்றுவிட்டது. பிறகு, யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் பிடிபட்டுவிடுவேன் என்ற பயத்தில் உண்மையாகவே உலகைச் சுற்றப் புறப்பட்டார். பொய்யை மெய்யாக்கப் பயணம் போன இந்த மனிதர்தான் லீ ஃபால்க். எங்கள் தலைமுறைத் தீவகப் பிள்ளைகளில் பலருக்கு அவருடைய பெயர் தெரியாது. அவர் படைத்த வேதாளரைத் தெரியாத பிள்ளை இருக்கவில்லை.

1911 ஏப்ரல் 28ஆம் திகதி சென் லூயிஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் லியோன் ஹரிசன் குரொஸ். சிறுவயதிலேயே தகப்பன் இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்தார். அந்த இரண்டாவது தகப்பனின் நடுப்பெயரே ஃபால்க். இலினோய் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவருடைய ஆசை நாடகம். கொமிக்ஸ் எழுதுவது நாடகத்துக்குக் காசு சேர்க்கும் வழியாக அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வழிதான் 65 வருடம் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது.

முதலில் வந்தவர் மந்திரவாதி மாண்ட்ரேக். 1934 யூன் 11இல் பத்திரிகைகளில் தொடங்கியது. ஆரம்பத்தில் ஃபால்க் தானே வரைந்து பார்த்தார்; பிறகு ஃபில் டேவிஸ் என்ற ஓவியரிடம் கொடுத்துவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டார். மாண்ட்ரேக்கின் மெல்லிய மீசையும் வாரிவிட்ட தலைமுடியும் ஃபால்க்கினுடையவை என்று அவருடைய இளமைக் காலப் படங்களைப் பார்க்கிற எவரும் சொல்லிவிடுவார்கள்.

1936 பெப்ரவரி 17இல் வேதாளர் வந்தார். சுப்பர்மான் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, பட்மான் வருவதற்கு மூன்று வருடம் முன்பு. உடலோடு ஒட்டிய உடை, முகமூடி, கருமணி தெரியாத வெள்ளைக் கண்கள் எல்லாம் அங்கேதான் தொடங்கின. அந்தக் கண்களுக்குப் பழைய கிரேக்கச் சிலைகளைக் காரணம் சொன்னார் ஃபால்க். முதல் கதையில் ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார வாலிபன்தான் இரவில் முகமூடி போடுகிறான் என்று காட்டத் திட்டமிட்டிருந்தார். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே மனம் மாறி, வேதாளரைக் காட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். நல்ல வேளை. இரவில் முகமூடி போடும் நகரத்துப் பணக்காரன் என்ற வேடம் மூன்று வருடத்தில் பட்மானுக்குக் கிடைத்தது. பட்மானை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் தீர்ந்தால் அவரும் தீர்ந்துவிடுவார் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. சுப்பர்மானிடம் அந்த எண்ணம்கூட வருவதில்லை. குண்டு துளைக்காத உடம்புக்காக நான் எதற்குப் பயப்பட வேண்டும்? வேதாளருக்கு எந்தச் சக்தியும் இல்லை. வெட்டினால் இரத்தம் வரும். சுட்டால் சாவார்.

சாகாதவர் என்று காட்டு மக்கள் நம்புவது ஒரு ஏமாற்று. ஒரு வேதாளர் செத்தால் மகன் அதே உடையைப் போட்டுக்கொள்வான். இப்படி 21 தலைமுறை. தொடக்கம் 1536ஆம் ஆண்டு: வங்கக்கடல் பக்கத்துக் குடாவொன்றில் ஒரு கப்பலைக் கடற்கொள்ளையர் மறிக்கிறார்கள். கப்பலில் இருந்த எல்லோரையும் வெட்டுகிறார்கள். தகப்பன் கொல்லப்படுவதைப் பார்த்த ஒரு இளைஞன் மட்டும் கரை ஒதுங்குகிறான். பந்தர் என்ற குள்ள மனிதர்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். சில காலம் கழித்துத் தகப்பனின் உடுப்போடு ஒரு கொள்ளையனின் பிணம் கரை ஒதுங்க, அதன் மண்டையோட்டைக் கையில் ஏந்தி, கொடுமைக்கும் அநீதிக்கும் எதிராகத் தானும் தன் வழிவந்தவர்களும் நிற்பதாகச் சத்தியம் செய்கிறான்.

1536 என்ற ஆண்டை ஃபால்க் எப்படித் தெரிந்தெடுத்தாரோ, எங்களுக்கு அது அந்நியமான காலம் அல்ல. அதே நூற்றாண்டில்தான் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின் மேல் படை கொண்டு வந்தார்கள். 1619இல் முழுதாகப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் பறித்தார்கள். ஊர்காவற்றுறைக்குக் கயிற்ஸ் என்ற பெயர் போர்த்துக்கேயரின் துறைமுகச் சொல்லிலிருந்து வந்தது. நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆனதும் நயினாதீவு ஹார்லெம் ஆனதும் ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப்பெயர்களைக் கொண்டுவந்து ஒட்டியதால். கடல் வழியாக வந்தவர்கள் பெயரையும் மாற்றுவார்கள் என்பது தீவாருக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரிய வேண்டிய விடயம் அல்ல.

இந்தியாவில் 1964 மார்ச்சில் ரைம்ஸ் ஒவ் இந்தியா நிறுவனம் இந்திரஜால் கொமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழிலேயே வேதாளர்தான். பிறகு தமிழிலும் வந்தது. கதையில் வரும் பெங்கல்லா நாடு வங்காளத்தை நினைவூட்டும் என்று டெங்காலி ஆக்கினார்கள். சிங் கொள்ளையர்கள் சிங்கா ஆனார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. அதன் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. அதே பதிப்பகம் வேதாளரையும் மாண்ட்ரேக்கையும் வெளியிட்டது. பிறகு ராணி காமிக்ஸ் வேதாளருக்கே மாயாவி என்று பெயர் வைத்துவிட்டது. ஆகவே, மாயாவி என்று சொன்னால் எந்த மாயாவி என்று கேட்கத் தெரிந்தவன்தான் எங்களிடையே உண்மையான வாசகன்.

எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் இந்தியச் சஞ்சிகைகள் வருவது குறைந்தது. வந்த புத்தகத்தின் பெறுமதி கூடியது. அட்டை போய், முதல் நாலு பக்கமும் போய், கடைசிப் பக்கமும் இல்லாமல் கைக்கு வரும். முடிவை நாங்களே சொல்லிக்கொள்ள வேண்டும். நான் வளர்ந்தது ஊர்காவற்றுறைப் பக்கம். அம்மம்மா வீடு நெடுந்தீவில். விடுமுறைக்கு அங்கே போனால் வேதாளரின் காடு எனக்கு வெளியிலேயே இருந்தது. கல்வேலிகளுக்கு அப்பால் கட்டாக்காலியாகத் திரியும் மட்டக்குதிரைகளில் வெள்ளையாக ஒன்று தெரிந்தால் அது வேதாளரின் குதிரை. ஆள் உள்ளே நிற்கக்கூடிய பொந்து கொண்ட பெருக்குமரம் மண்டையோட்டுக் குகை. அந்த மரம் ஆபிரிக்காவிலிருந்து வந்த இனம் என்பது பிறகு தெரிந்தபோது, விளையாட்டில் நாங்கள் இடம் மாறிப் போகவில்லை என்று ஒரு சந்தோசம்.

ஓவியர்களில் எனக்குப் பிடித்தவர் சை பரி. 1961 முதல் 1994 வரை வரைந்தவர். முதல் ஓவியர் ரே மூரின் இருட்டு அழகானது. வில்சன் மக்கோயின் கோடுகள் சிறுபிள்ளைத்தனம் போலத் தோன்றும். சை பரி வரைந்த காட்டில்தான் காற்றடித்தது. அவருடைய காலத்தில் ஃபால்க்கின் எழுத்தும் முதிர்ந்திருந்தது. நிகழ்காலக் கதைகளைவிட, குகையில் இருக்கும் பழைய ஏடுகளைப் புரட்டி முன்னைய வேதாளர் ஒருவரின் கதையைச் சொல்லும் இதழ்களைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு வேதாளரும் தன் காலத்தில் நடந்ததைத் தன் கையால் பெரிய ஏடுகளில் எழுதி வைக்க வேண்டும். சண்டை முடிந்து வந்து, காயத்துக்குக் கட்டுப் போட்டபடி, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுவார். வேறு எந்தச் சாகச வீரனுக்கும் இந்த வேலை கொடுக்கப்படவில்லை.

1985 மே 15ஆம் திகதி காலை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டப்பட்டார்கள். குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. ஊர் சொல்லும் எண்ணிக்கை அதைவிடக் கூட. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு வேதாளரின் முதல் அத்தியாயத்தை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. படகு, வெட்டு, கரை ஒதுங்கியவர்கள். ஃபால்க்கின் கதையில் கொலைகாரனின் மண்டையோடு கரைக்கு வருகிறது. எங்கள் கரைக்கு வந்தவை எங்கள் ஆட்களின் உடல்கள்.

இதற்காக ஃபால்க்கிடம் கோபிக்க முடியாது. ஆனால் வேறு காரணங்களுக்காக அவரோடு வழக்காட வேண்டியிருக்கிறது. காட்டில் உள்ள எல்லாக் குலங்களுக்கும் நீதி சொல்ல ஒரு வெள்ளைக்காரன் வேண்டும் என்பதுதான் அவருடைய கதையின் அத்திவாரம். மாண்ட்ரேக்கின் தோழன் லொதார் ஆபிரிக்க இளவரசன் என்று சொல்லப்பட்டாலும், தொடக்கத்தில் சிறுத்தைத்தோலோடு கொச்சை ஆங்கிலம் பேசும் வேலைக்காரன்தான். எங்களுடைய முன்னோரைக் கப்பலில் வந்து ஆண்டவர்களின் சாயலில் இருந்த ஒருவரை நாங்கள் ஏன் அப்படி நேசித்தோம் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். கறுத்த நிறத்துக்காரர் ஒருவரை அந்த உடையில் எங்களுக்கு எவரும் வரைந்து காட்டவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

ஃபால்க் அங்கேயே நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1965இல் ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் மாண்ட்ரேக்கை வரையத் தொடங்கிய பின் லொதார் சரியான மொழி பேசினார், சமமான நண்பரானார். காலனிகள் விடுதலை அடைந்த காலத்தில் வேதாளரின் நாட்டுக்கும் தேர்தல் வந்தது; லாமண்டா லுவாகா என்ற கறுப்பின வைத்தியர் சனாதிபதியானார்; ஆட்சியைப் பறிக்க முயன்ற தளபதி பபாபு கதையின் வில்லனானார். 1977இல் வேதாளர் திருமணம் செய்த டயானா பால்மர் ஐக்கிய நாடுகள் சபையில் வேலை செய்பவர். ஃபால்க்கின் கதைகளில் ஐ.நா. ஆபத்து இருக்கும் இடத்துக்குப் போகும். 2008 செப்ரெம்பரில் கிளிநொச்சியில் மக்கள் வாசலில் நின்று போக வேண்டாம் என்று கேட்டும் ஐ.நா.வின் வாகனங்கள் போனதைக் கண்டவர்களுக்கு, டயானா வரும் பக்கங்கள்தான் முழுத் தொடரிலும் பெரிய கற்பனை.

போர்க்காலத்தில் இந்தக் கதைகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ஃபால்க் அமெரிக்க அரசின் போர்த் தகவல் பிரிவில் வேலை செய்தார். ஜேர்மனியர் பிடித்திருந்த நோர்வேயில், எதிர்ப்பு இயக்கத்தினர் வேதாளரின் பெயரைச் சங்கேதச் சொல்லாகப் பயன்படுத்தினார்கள் என்று பிற்காலத்தில் அவரே சொல்லி வந்தார். பப்புவா நியூகினியின் மலைநாட்டில் குலச் சண்டைக்குப் போனவர்கள் கேடயங்களில் வேதாளரை வரைந்தார்கள். அந்தக் கேடயங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. சாகாத மனிதன் என்ற எண்ணம் சண்டைக்குள் வாழ்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது எங்களுக்கு விளங்கும்.

1990இலும் 1991இலும் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது யாழ்ப்பாணத்துக்கு ஓடியவர்கள் கொமிக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. என்னிடம் நூல் போட்டுக் கட்டிய ஒரு தொகுப்பு இருந்தது, அது போய்விட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தல் விளக்கில் திரியைக் குறைத்து வைத்து, யாரோ ஒருவர் வீட்டில் தப்பியிருந்த முத்து காமிக்ஸை வாசித்தோம். இரும்புக்கை மாயாவி மறைவதற்கு உடம்பில் மின்சாரம் பாய வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வந்தால் மனுசன் ஒரு நாளும் மறைய ஏலாது என்று எங்களுக்குள் ஒரு பகிடி. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அந்தப் புத்தகமும் போனது.

ஃபால்க் நாடகத்தை விடவில்லை. வெவ்வேறு காலங்களில் 5 அரங்குகளை நடத்தினார். சுமார் 300 நாடகங்களைத் தயாரித்தார், 100 வரையில் தானே இயக்கினார். மார்லன் பிராண்டோ, சார்ல்ற்றன் ஹெஸ்ரன், போல் ரொப்சன் போன்றவர்கள் அவருடைய அரங்குகளில் நடித்தவர்கள். நாடகக்காரராகவே நினைவுகூரப்பட விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய கதைகளில் உரையாடல் குறைவாகவும் நுழைவுகள் பெரிதாகவும் இருப்பதற்கு மேடைதான் காரணம்: வேதாளர் கதவைத் திறந்து வருவதில்லை, திரை விலகுவது போல வந்து நிற்கிறார்.

1996இல் வேதாளர் ஹொலிவூட் படமாக வந்ததையும் பார்த்தார். படம் ஓடவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. 87 வயதில் மருத்துவமனையில் கிடந்தபோதும் ஒட்சிசன் முகமூடியைக் கழற்றிவிட்டு அடுத்த பகுதிகளைச் சொல்லி எழுத வைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1999 மார்ச் 13ஆம் திகதி காலமானார். பாதியில் நின்ற கடைசி வேதாளர் கதைகளை அவருடைய மனைவி எலிசபெத் எழுதி முடித்தார். அதற்குப் பிறகு தொடர் வேறு எழுத்தாளர்களின் கைக்குப் போனது. உடை அதே உடை, குகை அதே குகை. ஏடுகளில் எழுதும் வேலையும் கதைக்குள் தொடர்ந்து நடக்கிறது.