குவிமாடம் இல்லாத பள்ளிவாசலை வரைந்தவர்

துருக்கியக் கட்டடக் கலைஞர் வெதாத் தலோகாய் 1927இல் பிறந்தார். அங்காராவின் கோஜாதெபே பள்ளிவாசலுக்கு அவர் இன்னொருவருடன் சேர்ந்து வரைந்த புதுமையான வடிவம் 1957 போட்டியில் வென்றது. மரபுக்கு மாறானது என்ற எதிர்ப்பால், தொடங்கிய பணி கைவிடப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1969இல் இஸ்லாமாபாத் ஃபைசல் பள்ளிவாசல் போட்டியில் வென்றார். அரபுப் பாலைவனக் கூடாரம் போன்ற கூரை. நான்கு மூலைகளில் மினாராக்கள். குவிமாடம் இல்லை. தொழுகைக் கூடத்தின் நடுவே தூண்களும் இல்லை. ஸஃப்புகள் தடையின்றி நீள்கின்றன. பணி 1986இல் முடிந்தது. 1991இல் சாலை விபத்தில் அவர் மறைந்தார்.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பகுதிகளில் புதிய பள்ளிவாசலுக்கு வரைபடம் பார்க்கும்போது நாமும் யோசிப்போம். குவிமாடம் மார்க்கத்தின் நிபந்தனை அல்ல. ஸஃப் உடையாத இடம், காற்று, வெளிச்சம், உளூ செய்ய வசதி: இவற்றையே முதலில் கேட்போம்.