அண்டிரிக்கிப் பாதிரியார்

சென்ற ஆண்டு தைப்பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணாக்கர் இருவர் என்னைத் தேடி வந்தனர். இருவரும் பல்கலைக்கழகத்திற் பழைய அச்சுநூல்களை ஆராய்பவர்கள். அவர்கள் கையில் ஒரு தாட்கட்டு இருந்தது. ஹாவர்ட் பல்கலைக்கழக நூலகம் பேணிவரும் சிறு நூலொன்றின் நிழற்படிவம் அது. எழுத்துத் தமிழேயாயினும் தம்மால் வாசிக்க இயலவில்லை என்றனர். மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடில்லை, ரகரமும் காலும் ஒரே வடிவம். ஏட்டுச்சுவடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை பெருந்தடையல்ல. முக்கால் மணிநேரத்தில் மூவருமாக முதற் பக்கத்தைக் கடந்துவிட்டோம். மாணாக்கர் மகிழ்ந்தனர். எனக்கு உண்டானதோ வெட்கம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் அச்சுக்கலை தரங்கம்பாடியிலே சீகன்பால்கு ஐயரோடு தொடங்கிற்று என்று பல ஆண்டுகளாக வகுப்பிற் கற்பித்து வந்தவன் நான். அவருடைய புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது 1715 இல். என்முன் கிடந்த நூலோ 1578 ஒக்டோபர் 20 இல் கொல்லத்தில் அச்சானது. கரம்பனைச் சேர்ந்த நம் தனிநாயகம் அடிகள் தமிழின் முதல் அச்சுநூல்களைப் பற்றி 1958 இலேயே எழுதிவைத்திருக்கிறார். அதனையும் நான் தேடிப் படித்தேனல்லேன்.

நூலின் பெயர் தம்பிரான் வணக்கம். பதினாறே பக்கம். செய்தவர் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் என்னும் போர்த்துக்கேயர். முத்துக்குளித்துறைத் தமிழ் அப்பெயரைத் தன் வாய்க்கேற்ப அண்டிரிக்கி ஆக்கிக்கொண்டது.

அவர் 1520 இல் போர்த்துக்கல் நாட்டு விலா விசோசாவிற் பிறந்தார். யூத வழித்தோன்றல். முதலிற் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தவர், அக்குலத்தின் காரணமாகவே அதனை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர் 1545 இல் இயேசு சபை அவரை ஏற்றது. மறு ஆண்டு கோவாவில் வந்திறங்கினார். 1547 இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். பிறந்த மண்ணிற் குலம் பார்க்கப்பட்ட ஒருவர், தம் வாழ்வின் ஐம்பது ஆண்டுக்கு மேலான காலத்தைப் பரதவர் குடிசைகளிடையே கழித்தார்.

தொடக்கத்தில் துவிபாஷிகளை நம்பியே பேசினார். தாம் சொன்னதைத்தான் அவர்கள் சொல்கின்றனரா என்ற ஐயம் எழுந்திருக்கும் போலும். இராப்பகலாகத் தமிழ் கற்கலானார். இலத்தீன் இலக்கணத்தை முன்வைத்து, வேற்றுமையையும் வினைவிகற்பத்தையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். சில மாதங்களில் துவிபாஷி வேண்டாதவராயினார். அம்முயற்சியிலிருந்து பிறந்ததே ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம். அதன் கையெழுத்துப்படி இன்று லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கின்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013 இல் ஹாவர்ட் கீழைத்தேய நூல்வரிசையில் வெளிவந்தது. பிறமொழி வார்ப்பிலே தமிழை ஊற்றினார் என்று பண்டிதர் குறைகூறலாம், நானும் கூறியிருப்பேன். ஆனால் பதினாறாம் நூற்றாண்டுக் கரையோர மக்கள் வாயிற் புழங்கிய தமிழைக் கேட்டு எழுதிவைத்தவர் அவர். வழுவென்று நாம் ஒதுக்கிய வழக்குகள் அங்கே இடம்பெற்றிருக்கின்றன.

1549 இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி பாதிரியார் கொல்லப்பட்டபின், அக்கரைப் பணியின் தலைமை இவர்மேல் வந்தது. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியபோது பரதவர் பலர் அத்தீவுக்குக் குடிபெயர்ந்தனர். அவரும் சில ஆண்டு அங்கிருந்தார். நம் மண்ணிலும் கால் பதித்தவர் என்பது எனக்குத் தனி நெருக்கம் தருகின்றது.

அச்செழுத்து எளிதில் வாய்க்கவில்லை. 1577 இல் கோவாவில் வார்த்த எழுத்து நிறைவளிக்காமையால், மறு ஆண்டு கொல்லத்தில் வேறு வார்த்தனர். தம்பிரான் வணக்கத்தின் கடைசிப் பக்கத்தில் இரு வார்ப்புகளையும் மாதிரியாக அச்சிட்டிருக்கின்றனர். பணம் வந்தது முத்துக்குளிக்கும் மக்களிடமிருந்து. 1579 இல் கொச்சியில் இன்னொரு வேதபோதக நூல். 1580 இல் பாவசங்கீர்த்தன நூல். 1586 இல் அடியார் வரலாறு. இறுதியாகச் சொன்னது அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்டது. எல்லாம் பெயர்ந்து போய், ஒன்று ஒக்ஸ்போர்டிலும் ஒன்று வத்திக்கானிலுமாகத் தங்கிவிட்டன. நூல் பிறந்த கரையில் ஒரு படியும் மிஞ்சவில்லை. கடற்காற்றும் கறையானும் ஏட்டுக்கு மட்டுமா பகை?

அண்டிரிக்கிப் பாதிரியார் 1600 இல் புன்னைக்காயலில் உயிர்நீத்தார். உடலைத் தூத்துக்குடியில் அடக்கஞ்செய்தனர்.

மாணாக்கர் இருவரும் அதன்பின் சனிக்கிழமைதோறும் வந்தனர். மாசி முடியுமுன் பதினாறு பக்கமும் வாசித்து முடித்தோம். ஏழாம் பக்கத்து ஒரு சொல்லில் மட்டும் மூவர்க்கும் கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. அவர்கள் ரகரம் என்கின்றனர். நான் கால் என்கிறேன்.