காசநோய்க்கு வீட்டிலேயே சிகிச்சை: சென்னையில் நிரூபித்துக் காட்டிய டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்... யார் இவர்?

கவரைப்பேட்டையில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல். சளியைப் பரிசோதித்தால் காசநோய். இன்றைக்கு என்ன நடக்கும்? அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை தருவார்கள். வீட்டில் இருந்தபடியே 6 மாதம் சாப்பிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவுதான்.

இதே ஆள் 1955-ல் இருந்திருந்தால்? சானடோரியத்தில் படுக்கை கிடைக்குமா என்று காத்திருக்க வேண்டும். கிடைத்தால் மாதக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டில் சம்பாதிக்கும் ஆள் அவர் மட்டும்தான் என்றால் குடும்பத்தின் கதி என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷனுக்கு 'சானடோரியம்' என்று பெயர் வந்ததே அப்படிப்பட்ட ஒரு மருத்துவமனையால்தான்.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் நிற்பவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர்.

லண்டன் டூ சென்னை

ஃபாக்ஸ் 1920-ல் பிறந்தவர். லண்டன் கைஸ் மருத்துவமனையில் படித்துவிட்டு, 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் காசநோய்ப் பிரிவில் சேர்ந்தார். சாதாரண இடம் இல்லை அது. லண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரான புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லின் வழிகாட்டுதலில், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை வைத்து ஒரு பரிசோதனை நடத்தி 1948-ல் முடிவை வெளியிட்டவர்கள் அவர்கள். யாருக்குப் புது மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது, சீட்டுக் குலுக்கல் மாதிரி தற்செயலாகத்தான் பிரிக்க வேண்டும் என்பதுதான் அந்த முறை. டாக்டர் கையில் விட்டால், தேறிவிடுவார் என்று தோன்றும் நோயாளிக்கே தன்னை அறியாமல் புது மருந்தைக் கொடுத்துவிடுவார். அப்புறம் எது மருந்தின் பலன், எது நோயாளியின் உடல்வாகு என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இந்தியாவில் அப்போது காசநோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். மத்திய அரசு, மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பிரிட்டன் கவுன்சில் எல்லாம் சேர்ந்து 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அதை வழிநடத்த வந்த ஃபாக்ஸுக்கு வயது 35.

193 பேர், ஒரே மருந்து, இரண்டு இடம்

கேள்வி ரொம்ப சிம்பிள். ஒரே மருந்தை வீட்டில் வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும், சானடோரியத்தில் வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்?

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்து, ஓராண்டுக்கு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, கவனிக்க நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்கு ஒற்றை அறையில் ஐந்தாறு பேர், அரைவயிற்றுச் சாப்பாடு. அதில் பலர் வேலைக்கும் போனார்கள்.

பந்தயம் கட்டச் சொன்னால் எல்லோரும் சானடோரியம் மீதுதான் கட்டியிருப்பார்கள். ஆனால் 1959-ல் வந்த முடிவு வேறு. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சின்ன இடைவெளியும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றாதா?

ஃபாக்ஸ் குழுவுக்கு உண்மையான பயம் இதில்தான் இருந்தது. நோயாளி குணமாகி, அவர் குழந்தைக்கு நோய் வந்தால் இந்தச் சிகிச்சையால் என்ன பிரயோஜனம்? அதனால் குடும்பத்தினர் அத்தனை பேரையும் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் கூடுதலாக யாருக்கும் நோய் பரவவில்லை. காரணம், தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்துவிடுகிறது. மருந்து ஆரம்பித்ததும் கிருமி வேகமாகக் குறைந்துவிடும்.

இதற்குப் பிறகு நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்ல ஆதாரம் இல்லாமல் போனது. பல நாடுகளில் சானடோரியங்கள் படிப்படியாகக் குறைந்தன.

மாத்திரையை உண்மையிலேயே சாப்பிட்டாரா?

ஃபாக்ஸ் வெறும் மருந்தை மட்டும் ஆராய்ந்தவர் இல்லை, மனுஷங்க பழக்கத்தையும் ஆராய்ந்தார். சில மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும். அப்புறம் எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுவார்கள். போதாக்குறைக்கு பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும். எனவே ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்து மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். இன்றைய கண்ணுக்கு இது கொஞ்சம் போலீஸ் வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் ஃபாக்ஸ் நோயாளியைக் குற்றவாளி ஆக்கவில்லை. தினமும் மருந்து சாப்பிடுவது யாருக்குமே கஷ்டம், அதைச் சுலபமாக்குவது டாக்டரின் வேலை என்பதே அவர் நிலைப்பாடு.

அதிலிருந்து அடுத்த பரிசோதனை பிறந்தது. தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் மையத்துக்கு வந்து, ஊழியர் கண் முன்னால் மருந்து எடுத்துக்கொண்டால் போதுமா? போதும் என்று சென்னை முடிவுகள் 1964-ல் காட்டின. 1990-களில் உலகம் முழுக்கப் போன 'டாட்ஸ்' முறைக்கு வேர் இங்கேதான்.

ஃபாக்ஸ் 1961-ல் லண்டன் திரும்பினார். பிறகு 1965 முதல் 1986 வரை அந்தக் காசநோய்ப் பிரிவுக்கே இயக்குநர். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் நடந்த பரிசோதனைகள் மூலம், ஒன்றரை வருடச் சிகிச்சையை ரிஃபாம்பிசின் உதவியோடு 6 மாதமாகக் குறைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-ல் 89 வயதில் இறந்தார்.

திருவள்ளூர் கனெக்‌ஷன்

ஃபாக்ஸ் போன பிறகு, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களை மையமாக வைத்து லட்சக்கணக்கானோரிடம் பி.சி.ஜி. தடுப்பூசிப் பரிசோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது சுமார் பத்து வருடம் கழித்துத் தெரிந்தது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வராமல் காப்பதால்தான் பிறந்ததும் அதை இன்றும் போடுகிறார்கள்.

சேத்துப்பட்டு மையம் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஃபாக்ஸ் ஆய்வில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாகக் கூடியது, வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தளவு கூடவில்லை. மருந்து இருந்தால் நோய் அடங்குகிறது என்பதைப் பிடித்துக்கொண்ட அரசாங்கங்கள், சாப்பாட்டுப் பிரச்சினையை ரொம்ப காலம் தள்ளியே வைத்தன. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' பரிசோதனையின் முடிவு 2023-ல்தான் வந்தது. நோயாளியின் குடும்பத்துக்குச் சத்தான உணவு கொடுத்தால், வீட்டில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்றது அது. நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் நோயாளியின் வங்கிக் கணக்குக்குப் போகும் உதவித்தொகை மாதம் 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய்.